மேற்கே ஜன்னல் இல்லாத விடுதி

டெல்லியில் மே மாதம் பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கு ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு சாத்திப் பயனில்லை, ஏறுவதற்கு முன்பே சாத்த வேண்டும். பிறகு திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. துவாரகாவில் நாலாவது மாடியில் சொந்த வீடே வந்துவிட்டது. இன்னும் அந்த ஜன்னல் கொக்கியை மாட்டும்போது என் கை ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது. இந்தக் கோடையில் ஒருநாள் வீடியோவில் பேசும்போது அம்மா என் முகம் தெரியவில்லை என்று கத்தினாள். "ஏட்டி, என்ன வீட்ட இப்படி இருட்டா வச்சிருக்க? ஜன்னலத் தொறந்து விடுட்டி, காத்து வரட்டும்." காற்று வந்துவிடக்கூடாது என்றுதான் சாத்தியிருக்கிறேன் என்றேன். "காத்து வரப்பிடாதுன்னு ஜன்னலச் சாத்துதீங்களா? இதென்ன ஊருட்டி!" என்றாள். நியாயமான கேள்விதான்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் செங்கோட்டைக்காரி. எங்களுக்கு மேற்கு என்றால் மலை. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும், கூடவே சாரலும் வரும். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் "மேக்க ஜன்னல் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்போம். டெல்லியில் அதே மேற்கிலிருந்துதான் 'லூ' வருகிறது. பாலைவனத்தில் காய்ந்து வரும் அனல்காற்று. காய்ந்த தோசைக்கல்லுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனதுபோல் இருக்கும். கட்டடக்கலை படித்த எனக்கு இது தெரியாமல் இல்லை. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள்தான். ஆனால் படித்தது தலை, வரைந்தது கை. டெல்லியில் எனக்குக் கொடுத்த முதல் வீட்டு வரைபடத்தில், மேற்குச் சுவர் வந்ததும் என் கை தானாகப் பெரிய பெரிய ஜன்னல்களைப் போட்டது. மதுரைக்காரியோ சென்னைக்காரியோ இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். எங்கள் மலையடிவாரத்தில் பிறந்தவளுக்குத்தான் இது வரும்.

அந்த அலுவலகத்தின் முதலாளியை நாரங் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு டெல்லியில் பெயர்பெற்ற கட்டட வடிவமைப்பாளர். என் பெயர் இசக்கியம்மாள். அதை ஒருநாளாவது சொல்லிப் பார்க்க அவர் முயன்றதில்லை. முதல் நாளே "மெட்ராஸ்" என்று கூப்பிட்டார், மூன்றரை வருடமும் அதுதான் என் பெயர். எங்கள் ஊர் மலையடிவாரம், மெட்ராஸ் அங்கிருந்து ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம் என்று ஒருமுறை சொன்னேன். "அச்சா" என்றார். நான் மேற்கே ஜன்னல் வைத்த வரைபடத்தைக் கொடுத்த அன்றைக்கு வீடு கட்டுகிறவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நாரங் என் வரைபடத்தை மேஜைமேல் விரித்து, அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டார். "மெட்ராஸ், இதர் ஆவோ, இங்கே வா. ஜூன் மாதத்து டெல்லியைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா? இந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு லூவை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் மனைவி மட்டும் பாவம் என்பதுபோல் பார்த்தார். சிரித்தவர்களைவிட அவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் தப்பைத் திருத்துவது ஒன்று, ஆளைக் கூட்டத்தில் நிறுத்தி உரிப்பது இன்னொன்று. இந்த ஊரை இந்த ஆளைவிட நன்றாகத் தெரிந்துகொள்வேன், அதை வைத்தே இவரை அடிப்பேன் என்று அன்று கழிப்பறையில் முகம் கழுவும்போது முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் என் பெயர்கொண்ட தெய்வத்தைச் சீண்டிவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்ற ஆரம்பித்தேன். அளவுநாடாவும் நோட்டும் பையில் இருக்கும். ஆர்.கே.புரத்தில் பாறைக் குன்றின்மேல் இருக்கும் முருகன் கோயிலான மலை மந்திர் படியேறினால் சாமியைக் கும்பிட்டுவிட்டு, பாறையின் எந்தப் பக்கம் கால் சுடவில்லை என்று நடந்து பார்ப்பேன். கொஞ்ச நாளில் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. ஒரு மனையின் குணம் தெரிய வேண்டுமானால் அங்கே காவலிருப்பவரின் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தால் போதும். ஜனவரியில் அது வெயிலைத் தேடித் தெற்கே நகரும். ஜூனில் எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறதோ அங்கேதான் லூ படாது. மழைக்காலத்தில் அது எந்த மேட்டில் ஏறி நிற்கிறது என்று பார்த்தால் தண்ணீர் போகும் பாதை தெரிந்துவிடும். நாள் முழுக்க வெளியில் கிடப்பவனுக்குத் தெரியாத எதை நாங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடப் போகிறோம்?

இரண்டாம் வருடம் ஓர் அறக்கட்டளை வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி கட்ட எங்களிடம் வந்தது. அரவல்லிப் பாறை தலைநீட்டும் சரிவான மனை. நாரங் ஒரே ஒருமுறை காரில் வந்தார். இறங்கினார், செருப்பில் முள் குத்தியதும் ஏறிவிட்டார். அதன்பின் ஒரு வருடம் அந்த மனைக்குப் போனது நான்தான். காவலுக்கு இருந்தவர் பூரன், கட்வால் மலைப்பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். அவருடைய நாற்காலி இருக்கும் இடத்தை மணிக்கொருதரம் நோட்டில் குறித்துக்கொண்டேன். மூன்றாவது நாள் பார்த்தால் மனிதர் நட்டநடு வெயிலில், வாசலில், விறைப்பாக நின்றுகொண்டிருக்கிறார். நாற்காலியையே காணோம். பக்கத்தில் போனதும் கும்பிட்டார். "மேடம்ஜி, நான் தூங்கவே இல்லை. கண்ணைத்தான் மூடியிருந்தேன். ரிப்போர்ட் எழுதாதீர்கள்" என்றார். அவர் தூங்குகிறாரா என்று வேவு பார்க்க அறக்கட்டளை அனுப்பிய ஆள் நான் என்று நினைத்துவிட்டார். என் அரைகுறை இந்தியில், அவர் எங்கே உட்கார்கிறாரோ அங்கேதான் கட்டடம் கட்டப்போகிறேன் என்று விளக்கினேன். அவர் இன்னும் பயந்துபோய், "அப்படியானால் நான் எங்கே உட்காருவது?" என்று கேட்டார். நாற்காலி திரும்பி வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரக் கணக்கு வீண்.

விடுதி அந்த நோட்டிலிருந்துதான் வந்தது. ஜூனில் பூரன் முதுகைச் சாய்த்துக் கிடந்த பெரிய பாறையை உடைக்க வேண்டாமென்று, அதைச் சுற்றிச் சாப்பாட்டுக் கூடத்தைப் போட்டேன். நிழலில் இருக்கும் அந்தப் பாறை அடியில் மண்ணோடு ஒட்டியது, கடும் கோடையிலும் தொட்டால் குளிர்ந்திருக்கும். மேற்கே ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. மாடிப்படி, குளியலறை, சாமான் அறை எல்லாவற்றையும் அங்கே அடுக்கி, லூ முதலில் அவற்றோடு மோதட்டும் என்று விட்டேன். அறைகளெல்லாம் குளிர்கால வெயில் விழும் தெற்கு முற்றத்தைப் பார்த்தன. நடைபாதை நடுவில் ஓரிடத்தில் வளையும், ஏனென்றால் அங்கே மழைத்தண்ணீர் இறங்கும் வழி இருந்தது. நனைந்துகொண்டே அதை எனக்குக் காட்டியவர் பூரன். நாரங் வரைபடங்களில் கையெழுத்துப் போட்டார். கட்டி முடித்த அடுத்த வருடம் அந்தக் கட்டடத்துக்குப் பெரிய பரிசு கிடைத்தது. பத்திரிகையில் எட்டுப் பக்கம் வந்தது. நிலத்தின் குரலைக் கேட்டுக் கட்டியவர் என்று நாரங்கைப் பாறைமேல் உட்காரவைத்துப் படம் எடுத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் வேலை செய்தவர்கள் பெயர்கள் இருந்தன. கண்ணாடி போட்டவர் பெயர் இருந்தது, தேநீர் கொண்டுவருபவர் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. கேட்கப் போனேன். நிமிராமலே சொன்னார்: "மெட்ராஸ், டெல்லியைப் பற்றி உனக்குச் சொல்லித் தந்தது யார்? நீ லூவுக்கு ஜன்னல் வைத்தவள்." அன்றே வேலையை விட்டேன். அவர் என்னை அனுப்பிவிட்டதாக வெளியே சொல்லிக்கொண்டார்.

என்னைப்போல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்களுக்குத் தெரியும், இங்கே நமக்கென்று காட்டிக்கொள்ள அதிகம் கிடையாது. சாதிசனம் இல்லை, படித்த பள்ளி இல்லை, தெருவில் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. செய்த வேலை ஒன்றுதான் நம்முடையது. அதில் என் பெயரைத் திருடிவிட்டால் நான் இங்கே இருந்தேன் என்பதற்கு என்ன சாட்சி? அதனால் மறக்கவில்லை. சொந்தமாகச் சின்ன அலுவலகம் போட்டேன், பள்ளிக்கூடம், மருந்தகம் என்று வேலை வந்தது, கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள். பரிசு பற்றி எங்காவது பேச்சு வந்தால் போதும், வயிறு எரியும். என் கணவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருக்கிறார், கடையநல்லூர்க்காரர், பொறுமைசாலி. "விட்டுத் தொலையேன். அந்தாளு உன்ன மறந்தே போயிருப்பாரு" என்பார். "அதுக்குத்தான் விடமாட்டேங்கேன்" என்பேன்.

போன வருடக் கடைசியில் அந்த அறக்கட்டளையிலிருந்தே எனக்கு அழைப்பு வந்தது. விடுதிக்குப் பக்கத்தில் நாலு மாடியில் இன்னொரு கட்டடம் எழுப்பப் போகிறார்களாம். திட்டத்தைப் பரிசீலிக்க மூன்று பேர் குழு. புதிதாக வந்திருந்த செயலாளர் திருமதி மாத்துர் ஓய்வுபெற்ற அதிகாரி, கண்டிப்பானவர். ஒரு கட்டுமானப் பொறியாளர் இன்னொருவர். மூன்றாவதாக என்னைப் போட்டிருந்தார்கள். நான் அங்கே வேலை செய்தவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிவதற்கு எந்தக் காகிதத்தில் என் பெயர் இருக்கிறது? திட்டம் கொடுத்திருந்தவர் நாரங். பழைய சாப்பாட்டுக் கூடத்தை இரண்டு கட்டடத்துக்கும் பொதுவாக்க அந்தப் பெரிய பாறையை வெட்டியெடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். முறைப்படி நான், எனக்கும் இவருக்கும் பழைய விவகாரம் உண்டு என்று சொல்லி விலகியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

கூட்டம் அந்தச் சாப்பாட்டுக் கூடத்திலேயே நடந்தது. மேஜைமேல் என் முழுப் பெயர் எழுதிய அட்டை வைத்திருந்தார்கள். நாரங் வந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நமஸ்தே மேடம்" என்றார். மூன்றரை வருடம் சம்பளம் கொடுத்த பெண்ணின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. முகமும் தெரியவில்லை. அவர் வரைபடங்களைத்தான் பார்ப்பார், வரைந்தவர்களைப் பார்த்ததில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? அதுவரை என்ன கேட்பது என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. அந்த நமஸ்தேயைக் கேட்டதும் தெளிவாகிவிட்டது. நான் என் கட்டடத்தையே திட்ட ஆரம்பித்தேன். பேச்சு இந்தியும் ஆங்கிலமுமாக நடந்தது. தமிழில் தருகிறேன்.

"நாரங்ஜி, சாப்பிடுகிற இடத்தில் இவ்வளவு பெரிய பாறை எதற்கு? இருபது பேர் உட்காரும் இடம் வீணாகியிருக்கிறது" என்றேன். "அது ஒரு தத்துவம், மேடம். நிலத்தோடு ஓர் உரையாடல்" என்றார். "இப்போது அதை வெட்டவேண்டும் என்கிறீர்களே, அப்போது வைத்தது தப்பா?" சிக்கிக்கொண்டார். பிறகு சிரித்தார். "உள்ளதைச் சொல்கிறேன். அது என் யோசனை இல்லை. அலுவலகத்தில் ஒரு மெட்ராஸ் பெண் இருந்தாள். பிடிவாதக்காரி. போகட்டும் என்று விட்டுவிட்டேன்." குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தரைப் பார்த்து, "எழுதிக்கொண்டீர்களா?" என்றேன். எழுதிக்கொண்டார். "மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை. ஜெயில் சுவர்போல் இருக்கிறது." "அதுவும் அவள்தான். ஒருமுறை மேற்கே ஜன்னல் வைத்தாள், திட்டினேன். அதற்குப்பின் மொத்தமாக மூடிவிட்டாள்." பொறியாளர் சிரித்தார். "எழுதிக்கொண்டீர்களா?" என்றேன். "நடைபாதை நடுவில் கோணலாக வளைகிறது. வரைந்த பிழையா?" "அவளேதான், மேடம். என்னைக் கேட்காமலே வளைத்துவிட்டாள்." எழுத்தர் இப்போது நான் சொல்லாமலே எழுதினார். மாத்துர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாரங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்: "இந்தக் கட்டடத்தில் உங்களுடையது எது, நாரங்ஜி?"

ஒட்டுமொத்தப் பார்வை என்னுடையது என்று என்னவோ சொன்னார். "அந்தப் பெண் பெயர் என்ன?" என்று மாத்துர் கேட்டார். நாரங்குக்குத் தெரியவில்லை. "மெட்ராஸ் என்று கூப்பிடுவோம்" என்றார். நான் என் பெயரட்டையைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன். அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இரண்டாம் முறை பார்த்தபோது அடையாளம் தெரிந்துவிட்டது. "மெட்ராஸ்?" என்றார். "செங்கோட்டை" என்றேன். பிறகு எழுந்து நின்று, நான் திட்டிய ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்று சொன்னேன். மேற்குச் சுவரைப் பற்றி, தண்ணீர் வழியைப் பற்றி, இத்தனை மழைக்காலத்தில் ஓர் அறைக்குள்ளும் தண்ணீர் வராததைப் பற்றி. பாறையைத் தொட்டுப் பாருங்கள் என்று மாத்துரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கையை வைக்கச் சொன்னேன். நிறுத்தி நிறுத்திப் பேசினேன். பயத்தில் இல்லை, ருசியில். பழிவாங்கினால் நிம்மதி வராது என்று சொல்கிறவர்கள் ஒழுங்காகப் பழிவாங்கியதில்லை என்று நினைக்கிறேன்.

மாத்துர் கைதட்டவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "இவர் உங்கள் வேலையைத் தன்னுடையது என்றார். நீங்கள் யாரென்று சொல்லாமல் என் குழுவில் உட்கார்ந்தீர்கள். இரண்டு பேரையும் நான் இனி நம்ப முடியாது" என்றார். பாறையை வெட்டக்கூடாது, பழைய விடுதியை வடிவமைத்தவர் இசக்கியம்மாள் என்று குறிப்பில் எழுதச் சொன்னார். நாரங்கின் திட்டம் நிராகரிப்பு, நான் குழுவிலிருந்து விலக வேண்டும், புதுக் கட்டடம் வேறொருவருக்கு என்றும் எழுதச் சொன்னார். சரிதான், எனக்கு அதில் வருத்தமில்லை. வாசலில் நாரங் எனக்காக நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அமைதியாகச் சொன்னார்: "நிலத்துக்காகக் கட்டினேன் என்று பெருமை பேசினாயே. நீ அந்தப் பாறையை விட்டது டெல்லிக்காக இல்லை. உன் ஊர் மலைப்பக்கம். ஊர் நினைப்பில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாய். எனக்கு அன்றைக்கே தெரியும்." காரில் ஏறிப் போய்விட்டார். பொய் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பூரன் நாற்காலிக் கணக்கு முழுவதும் நோட்டில் இருக்கிறது. ஆனாலும் துவாரகா வரும்வரை மெட்ரோவில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். பாவி மனிதர், போகிற போக்கில் குத்திவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்ற சந்தேகத்துக்காகவே அவரை நான் மன்னிக்கப் போவதில்லை.

கூட்டக் குறிப்பின் நகல் தபாலில் வந்தது. என் பெயர் இருந்தது, இரண்டு எழுத்துப் பிழையோடு. அது இப்போது ஏதோ ஒரு பைலுக்குள் இருக்கிறது. விடுதி வாசலில் பரிசுப் பட்டயத்தில் இன்னமும் நாரங் பெயர்தான் தொங்குகிறது. ஜூலையில் முதல் பெருமழை பெய்த அன்று, அந்த நடைபாதை வளைவில் தண்ணீர் சரியாக இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும்போல் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் போனேன். பூரன் எப்போதோ ஊருக்குத் திரும்பிவிட்டார். வாசலில் புதுக் காவலர். அவர் கூண்டுக்கு வெளியே குடையோடு நின்றேன்.

"கிஸ்ஸே மில்னா ஹை?" யாரைப் பார்க்க வேண்டும் என்றார். யாரையும் இல்லை, உள்ளே பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நரை ஓடிய தலை, நனைந்த பை, தனியாக வந்திருக்கும் பெண். குரலைத் தணித்துக்கொண்டார். "இப்போது காலி இல்லை மேடம்ஜி. எல்லா அறையும் நிரம்பியிருக்கிறது. நல்ல இடம், யாரும் காலி பண்ண மாட்டேன் என்கிறார்கள். கோடையில்கூட உள்ளே ஜில்லென்று இருக்குமாம்." அறை கேட்டு வந்தவள் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இந்தக் கட்டடத்தைப் பற்றி இதுவரை என்னிடம் யாரும் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. "பெயரை எழுதிவிட்டுப் போங்கள்" என்று ஒரு பதிவேட்டைக் கம்பிக்கு வெளியே நீட்டினார். காத்திருப்போர் பட்டியல். பெயர், எங்கிருந்து, போன் நம்பர் என்று கட்டங்கள். பெயரை ஓரெழுத்தும் விடாமல் முழுதாக எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு நின்றேன். "ஜல்தி கீஜியே, சீக்கிரம், நனைகிறீர்கள்" என்றார். அதைக் காலியாகவே விட்டுவிட்டு நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவர் வரிசையை விரலால் எண்ணிப் பார்த்தார். உங்களுக்கு முன்னால் பதினாறு பேர் இருக்கிறார்கள், இடம் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்.